வெறும் தண்ணீரின் அளவு

தண்ணீருக்கு மூளை கிடையாது. ஆனால் மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் கல்லூரி இயந்திரம் வெறும் தண்ணீரில் நார்அட்ரினலின் இருப்பதாகக் காட்டியது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கியூவெட்டைச் சரியாகக் கழுவவில்லையோ என்று இன்னொரு முறை கழுவினேன். கியூவெட் என்பது விரல் அளவு சதுரக் கண்ணாடிக் குழாய். அளக்க வேண்டியதை அதில் ஊற்றித்தான் இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அதே எண். கண்ணாடியில்தான் கோளாறோ என்று வேறு கியூவெட் எடுத்தேன். அதே எண். கடைசியில் எதையுமே வைக்காமல் மூடியை மூடிப் பார்த்தேன். ஒன்றுமில்லாத இடத்திலும் ஏதோ ஒளிர்ந்துகொண்டிருந்தது.

நான் வில்லியனூர் தாண்டி இருக்கும் ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். பகலில் வேலை. மாலையில் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் ஈவினிங் காலேஜில் வேதியியல் படிக்கிறேன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் லில்லி அக்கா. எங்கள் ஊர் காட்டேரிக்குப்பத்தில் மாதா கோயிலை ஒட்டிய தெரு அவளுக்கு. அப்பா பாக்யராஜ் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அக்கா இதே கல்லூரியில் ஆறு வருஷமாகப் பிஎச்.டி. செய்கிறாள். இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. வருகிற தை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதற்கு வழிகாட்டிப் பேராசிரியர் புகழேந்தியின் கையெழுத்து வேண்டும். எங்கள் தெருக்களில் 'டாக்டர்' என்று எழுதிக்கொள்ளப்போகும் முதல் ஆள் அவள் என்பதால் ஊரே தை மாதத்துக்குக் காத்திருந்தது.

அவள் ஆராய்ச்சி இதுதான். விஷ்ணுகிராந்தி என்று ஒரு செடி, வரப்போரம் தரையோடு படர்ந்து நீலமாகப் பூக்கும். அதன் சாறு மனச்சோர்வைப் போக்குமா என்று எலிகளிடம் பார்க்க வேண்டும். சாறு குடித்த எலிகள், குடிக்காத எலிகள் என்று இரண்டு கூட்டம். எலியைத் தண்ணீர் ஜாடியில் விட்டு, எவ்வளவு நேரம் போராடுகிறது, எப்போது கைகால் ஓய்ந்து மிதக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அதைக் கொன்று மூளையை எடுப்பார்கள். நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் சுரக்கும் பொருள்களில் நார்அட்ரினலின் ஒன்று. அது அந்த மூளையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

அளப்பது ஒளியால். மூளைத் துண்டை ஐஸில் வைத்த அமிலத்தில் அரைத்து, வடித்து, சில மருந்துகளைச் சேர்த்தால் நார்அட்ரினலின் வேறொன்றாக மாறும். அதன் மேல் ஊதா ஒளி பட்டால் பச்சை கலந்த நீலத்தில் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒளி. ஃப்ளூரோமீட்டர் அதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து எண்ணாகச் சொல்லும். எண் கூடினால் நார்அட்ரினலின் கூட. இயந்திரத்துக்கு ஒளி மட்டும்தான் தெரியும். அது எதிலிருந்து வருகிறது என்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் முதலில் மூளை சேராத வெறும் கரைசலை வைத்துச் சுழியம் பார்க்க வேண்டும்.

எங்கள் கல்லூரியில் அந்த வழக்கம் இல்லை. ஜூனில் ஒருமுறை பார்த்த சுழியம் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. "அதான் மெமரில இருக்குதே, எதுக்கு தெனம் ரீஏஜென்ட்ட வீணாக்கிக்கினு?" என்பார் புகழேந்தி சார். எனக்கும் அது தப்பென்று தோன்றியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில், சுழியம் பார்க்காமல் அளந்ததற்காக என் செய்முறைத் தாளைக் குறுக்கே அடித்துக் கொடுத்தார்கள். எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் மறுநாள் காலை இங்கே வந்து தண்ணீரை வைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் வைக்காமலே எண் வருகிறதென்றால், இயந்திரத்துக்குள்ளேயே ஏதோ ஒளிர வேண்டும். பிறகு கேன்டீனுக்குப் போய், கல்லாவில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா டார்ச்சைக் கேட்டு வாங்கி வந்தேன். லைட்டை அணைத்தேன். மூடியைத் திறந்து உள்ளே அடித்தேன்.

கியூவெட் நிற்கும் இடத்துக்குப் பின்னால், கறுப்புச் சுவரில், ஒளி வந்து விழும் இடத்துக்கு நேராக, மஞ்சளும் பச்சையுமாக ஒரு வட்டம் ஒளிர்ந்தது. விரலால் வைத்த வட்டம். நடுவில் குங்குமம் இருண்டு கிடந்தது. சுற்றிலும் மஞ்சள்.

பொட்டு.

ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரத்துக்கும் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் வீட்டில் மிக்சிக்கும் வைப்போம். ஆனால் மிக்சிக்கு மேலே வைப்போம், சட்னி அரைக்கும் இடத்தில் இல்லை. அன்று பூசணிக்காயும் பொரியும் வாங்க என்னை வில்லியனூர் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தார்கள். லில்லி அக்கா கிறிஸ்தவள் என்பதால் யாரும் கூப்பிடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். இயந்திரத்தைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரும் அறையில் இல்லை.

வாசலில் விளக்குமாறோடு நின்ற கலியம்மாளைக் கூப்பிட்டேன். கலியம்மாள் எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவள். "கலிக்கா, ஆயுத பூஜ அன்னிக்கு இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"இன்னா பாப்பா, மூணு மாசம் கயிச்சி கேக்குற? புகழேந்தி சாருதான். மூடியத் தொறந்து உள்ள வச்சாரு. 'வெளிச்சம் வர்ற எடந்தான் மெசினுக்குக் கண்ணு, கண்ணுல வைக்கணும்'னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க."

கை தட்டியிருக்கிறார்கள்.

இரண்டு கூட்டத்தின் எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன். சாறு குடிக்காத எலிகளின் மூளையை ஆயுத பூஜைக்கு முன்பே அளந்து முடித்திருந்தோம். சாறு குடித்த எலிகளுக்கு ஒரு மாதம் சாறு கொடுக்க வேண்டியிருந்ததால் பூஜை கழித்துத்தான் அளந்தோம். அந்த எலிகள் ஜாடியில் மற்றவற்றைவிட அதிகமாகப் போராடிவிடவில்லை. லில்லி அக்காவை அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு மூளையின் எண்கள் கிடுகிடுவென்று ஏறி வந்தன. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. சார் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். கட்டுரை எழுதி, தன் பெயரை முதலில் போட்டு அனுப்பியும் விட்டார்.

இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, வெறும் தண்ணீர் காட்டிய எண்ணும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. எலி ஏறவில்லை. பொட்டு ஏறியிருக்கிறது.

மத்தியானம் புகழேந்தி சார் வந்தார். நான் தப்பாகவும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் டார்ச்சை அடித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறவே இல்லை.

"இது கலியம்மா வேல," என்றார். "பெருக்கச் சொன்னா பூஜ போட்டுக்கினு இருப்பா."

கலியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அந்த அறை வாசலில் தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். தூசு வரும் என்று சொல்லி அவளை அதைத் தாண்ட விட மாட்டார்கள். உள்ளே பெருக்குவதும் நான்தான்.

"ஏன் சார்," என்றாள் அவள், "இந்தக் கோட்டத் தாண்டுனா காலு ஒடிச்சிருவன்னு சொன்னது நீங்கதான? நான் இன்னா, இங்கேருந்தே கைய நீட்டி வச்சிட்டனா? எங்கையி அவ்ளோ நீளமா? நீளமா இருந்தா நான் ஏன் சார் இங்க பெருக்கறன்?"

"ஏய், வேலயப் போய்ப் பாரு."

"அதான் பாக்கறன். வேலதான் என்னப் பாக்க மாட்டங்குது."

அவள் நகரவில்லை. சார் குரலைத் தாழ்த்தி என் பக்கம் திரும்பினார். "சுவேதா, பாகூர்ல எங்க வூட்ல டிராக்டர் இன்ஜினுக்கே பொட்டு வைப்பம். எந்த வண்டியும் நின்னுபோவல. சின்னப் பொட்டுமா இது. இதுனால அவ்ளோ எல்லாம் ஏறாது."

"ஏறுது சார். தண்ணி வச்சிப் பாத்தன்."

"நீ பாத்த! பி.எஸ்சி. முடிச்சிட்டியா நீ?"

"செகண்ட் இயர் சார்."

"ஈவினிங்ல." அந்த ஒரு சொல்லை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுப் போவதுபோல் சொன்னார். "ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிடு. யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத. அந்தப் பொண்ணு லில்லி வாழ்க்கை இதுல இருக்குது. நீ அவ ஊருதான? நல்லது பண்ணலன்னாலும் கெடுக்காத."

"ஸ்பிரிட் தீந்துபோச்சி சார். திங்கக்கெழம தொடைக்கறன்," என்றேன். அலமாரியில் இரண்டு பாட்டில் இருந்தது.

சனிக்கிழமை மாலை வகுப்பு கிடையாது. நானும் லில்லி அக்காவும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். வில்லியனூர் தாண்டும்வரை நான் விஷயத்தை எடுக்கவில்லை. ஒருவேளை நான் பார்க்காத ஏதோ ஒன்று இருக்கலாம், திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றெல்லாம் நினைத்தேன். பத்துக்கண்ணு வரும்போது சொல்லிவிட்டேன். செல்போனில் எடுத்த படத்தையும் காட்டினேன்.

அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனை என் மடியில் போட்டாள்.

"இன்னாடி இது? மூணு வாரம். மூணு வாரம் பொறுக்க முடியல இல்ல ஒனக்கு?"

"நான் தப்பாவும் இருக்கலாம்கா."

"தப்பா இருந்தா செருப்பால அடிப்பன். சரியா இருந்தாலும் அடிப்பன்." முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "பேனருக்குப் போட்டோ வாங்கினு போயிட்டானுங்கடி பசங்க. டாக்டர் லில்லின்னு. எங்கப்பாரு கரும்புக் காட்டுல நின்னுக்கினு லாரிக்காரன்கிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. நீ பாட்டுக்கு டார்ச்சத் தூக்கினு வர்ற."

"சார் தொடச்சிடுன்னாருக்கா. யாருக்கும் சொல்லாதன்னாரு. நான் ஒங்கிட்ட சொல்லாம எப்பிடி..."

"அவன் சொன்னானா?" அவள் குரல் ஏறியது. "அவனே வச்சிட்டு, அவனே தொடைக்கச் சொன்னானா? எத்தினி எலிடி! ஒவ்வொன்னுக்கும் கழுத்த நான் புடிச்சிருக்கன்! தண்ணில அது மூழ்காம மூஞ்சிய மட்டும் தூக்கினு என்னப் பாக்கும். நான் கடியாரத்தப் பாத்துக்கினு நிப்பன். எதுக்கு? இவன் போட்ட பொட்ட அளக்கவா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து தலைக்கு மேல் நின்றான். "யம்மா, சண்டைய எறங்கிப் போட்டுக்கங்க. டிக்கெட் எங்க?"

"காட்டேரிக்குப்பம் ரெண்டு," என்றாள் அக்கா அதே ஆத்திரத்தோடு. "இன்னும் எதுனா கேக்கணுமா?"

"இல்ல தாயே," என்று சொல்லி அவன் நகர்ந்தான்.

ஊர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். கரும்பு லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸால் தாண்ட முடியவில்லை. இறங்கி நடக்கும்போது அவள் தெருமுனையில் நின்றாள்.

"தொடச்சிட்டியா?"

"இல்லக்கா."

"தொடைக்காத. மீதி மூள இருக்குது ஃப்ரீசர்ல."

அது அவளுடைய வழக்கம். ஒவ்வொரு மூளையையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அரைப்பாள். மறு பாதியைப் பெயர் ஒட்டிக் குளிர்ப்பெட்டியில் வைப்பாள். எதற்கு என்று கேட்டால், கரண்டு போய் எல்லாம் வீணாகிவிட்டால் என்ன செய்வது என்பாள். மூளையும் வீணாகவில்லை, கரண்டும் போகவில்லை. கெட்டுப்போனது எண்கள்தான்.

"ரெண்டு கூட்டத்துலயும் எடுத்து ஒரே நாள்ல அளக்கணும்," என்றாள். "பொட்டோட ஒரு தடவ. பொட்டில்லாம ஒரு தடவ. அதுக்கப்பறம் நான் எவனையும் பேசுவன்."

திங்கட்கிழமை விடிந்ததுமே போய்விட்டோம். மூளைத் துண்டுகளை ஐஸில் அரைத்தோம், வடித்தோம், மருந்து சேர்த்தோம். அவள் அமிலத்தைக் கொடு, ஐஸைக் கொடு என்பதைக்கூடக் கையை நீட்டித்தான் கேட்டாள். என்மேல் அவளுக்கு இன்னும் கோபம் போகவில்லை என்று தெரிந்தது. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. புகழேந்தி சார் கல்லூரி முதல்வரோடு கூட்டத்தில் இருந்தார். கலியம்மாள் சிவப்பு டேப்புக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், காவல் மாதிரி.

முதலில் தண்ணீர். சனிக்கிழமை காட்டிய அதே எண். லில்லி அக்கா அதைத் தன் கண்ணால் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து, சாறு குடித்த எலிகள். உயரமான எண்கள். லட்டு கொடுத்த எண்கள்.

அடுத்து, சாறு குடிக்காத எலிகள். பூஜைக்கு முன்னால் தாழ்ந்து கிடந்தவை. இப்போது அவையும் அதே உயரத்துக்கு ஏறி நின்றன. எதுவுமே குடிக்காமல், பொட்டு மட்டும் வைத்த இயந்திரத்தில் ஏறி நின்றன.

லில்லி அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷம் அவள் முதுகில் இறங்குவதை நான் பார்த்தேன். கடைசிக் கியூவெட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இனிப் பொட்டைத் துடைத்துவிட்டு இதையே மறுபடி அளக்க வேண்டும்.

"சார் வர்றாரு," என்றாள் கலியம்மாள், உட்கார்ந்தபடியே, ரொம்பச் சத்தமாக.

புகழேந்தி சார் உள்ளே வந்தார். மேஜைமேல் ஐஸ் பெட்டி, சோதனைக் குழாய்கள், கம்ப்யூட்டரில் வரிசையாக எண்கள். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

"என் எலி சார்," என்றாள் லில்லி அக்கா. "என் மூள."

"தை மாசம் சப்மிஷன வச்சிக்கினு இன்னா வெளயாட்டு இது? இவ டார்ச் அடிச்சான்னு நீ வந்து ஆடறியா? ஒன் நல்லதுக்குத்தான் சொன்னன்."

"எனக்கு நல்லதுன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும் சார். அவகிட்ட தொடைக்கச் சொல்லக் கூடாது."

"தொடச்சா இன்னா? இன்னா இருக்குது இங்க தொடைக்காம வைக்கறதுக்கு? இதுவா?" அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, அழுத்தித் தேய்த்தார். ஒரு முறை, இன்னொரு முறை. மூச்சு வாங்கியது. "இந்தா. போச்சி. எங்க பொட்டு? காட்டு பாக்கலாம். எந்தப் பொட்டப் பத்திப் பேசறீங்க?"

எங்கள் சாட்சி அந்தக் கைக்குட்டைக்குள் போய்விட்டது என்றுதான் அந்த நொடியில் நான் நினைத்தேன். பிறகு என் கையில் இருந்த கியூவெட் நினைவுக்கு வந்தது. நான் அவரைத் தாண்டிப் போய் அதை உள்ளே வைத்தேன். மூடினேன். பொத்தானை அழுத்தினேன்.

எண் விழுந்தது. அடியோடு விழவில்லை, ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் பூஜைக்கு முன்னால் அந்த எலி காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே குழாய், அதே மூளை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: சாரின் கைக்குட்டை.

லில்லி அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் சார்," என்றாள். "அடுத்தது அதத்தான் நாங்க செய்யறதா இருந்தம். நீங்களே செஞ்சிட்டீங்க."

சார் திரையைப் பார்த்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் நேரத்தோடு பதிந்திருந்தது. அவருக்கு வியர்த்தது. மார்கழிக் குளிரில், ஏசி ஓடும் அறையில், நெற்றியெல்லாம் வியர்த்து வடிந்தது. கையில் இருந்த கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. டார்ச் மேஜைமேல் இருந்தது. லைட்டை அணைத்துவிட்டு அவர் முகத்தில் அடித்தேன். வேலை போகும் என்று தெரியாமல் இல்லை.

நெற்றியில், புருவத்துக்கு மேலே, மஞ்சளும் பச்சையுமாக ஒரு தீற்று ஒளிர்ந்தது.

வாசலில் கலியம்மாள் ஸ்டூலோடு குலுங்கினாள். "ஐயய்ய, சாருக்கே பூஜ போட்டாச்சிடி! பூசணிக்கா எங்க, பூசணிக்கா?"

நான் சிரிக்கவில்லை. லில்லி அக்காவும் சிரிக்கவில்லை. அவள் சுவிட்சைப் போட்டாள். வெளிச்சத்தில் அவர் நெற்றி சாதாரண நெற்றியாகிவிட்டது.

"கையெழுத்துப் போட மாட்டன்," என்றார் சார் மெதுவாக. "மருந்து வேல செய்யலன்னு ஒரு தீசிஸா? எவன் படிப்பான்? அனுப்புன பேப்பர நான் திரும்ப வாங்கணுமா? நீ என் கீழ இல்ல இனிமே. ஆறு வருஷம் ஒனக்காக நான் செலவழிச்சது..."

"நீங்க செலவழிச்சீங்களா?" அக்கா அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "எலி செலவழிச்சிச்சி சார். நான் செலவழிச்சன். நீங்க பொட்டு வச்சீங்க. பொட்டு வச்சது கூட தப்பில்ல சார், யாரு வேணா தெரியாம வச்சிருக்கலாம். தொடைக்கச் சொன்னீங்க பாருங்க. கலிக்கா வச்சான்னு சொன்னீங்க பாருங்க. அதுக்கு ஒரு மெசின் இல்ல சார் அளக்கறதுக்கு."

அவர் போய்விட்டார். அக்கா மீதி இருந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவற்றையும் பொட்டில்லாமல் அளக்க வேண்டும், பாதியில் விட முடியாது. நான் ஓரத்து மிச்சத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தண்ணீர் வைத்தேன். சுழியம். சாறு குடித்த எலி, குடிக்காத எலி, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. விஷ்ணுகிராந்தி ஒன்றும் செய்யவில்லை. ஜாடியில் அந்த எலிகள் அதைத்தான் முதலிலேயே சொல்லியிருந்தன.

அந்த வாரமே என்னை இயந்திர அறையிலிருந்து எடுத்துச் செடி உலர்த்தும் கொட்டகைக்கு மாற்றினார்கள். டார்ச் அடித்ததற்காக என்று யாரும் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை என்றார்கள். லில்லி அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆய்வுக் குழுவின் வெளி உறுப்பினரைப் பார்த்து, எல்லா எண்களையும் மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்பதும் ஒரு முடிவுதான், ஆய்வேடாகக் கொடுக்கலாம் என்றாராம். ஆனால் கையெழுத்துக்கு வேறு வழிகாட்டி வேண்டும். வழிகாட்டியை மாற்றினால் விதிப்படி புது வழிகாட்டிக்குக் கீழே ஒரு வருஷம் இருக்க வேண்டும். பதிவு ரத்தாகாது. ஆனால் இந்தத் தை இல்லை.

"ஒரு வருஷம்," என்றாள் என்னிடம், பஸ் ஸ்டாப்பில். என்னோடு அவள் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். "அவன் சாமிக்கு வச்சதுக்கு நான் ஒரு வருஷம் உண்டியல்ல போடணும்."

"சாரிக்கா."

"நீ எதுக்குடி சாரி சொல்ற? சொல்ல வேண்டியவன் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "நீ சொல்லாம இருந்திருந்தா நான் டாக்டராயிருப்பன். அத நெனச்சா இன்னும் ஒன்ன அடிக்கணும்னுதான் வருது. கிட்ட வராத," என்றாள். நான் கிட்டப் போகவில்லை. ஆனால் பஸ் வந்ததும் எனக்கும் இடம் பிடித்துப் பையை வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பேனர் வந்துவிட்டது. தகவல் போய்ச் சேருவதற்குள் அச்சடித்துவிட்டார்கள். பசங்கள் அதைச் சுருட்டாக அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விரித்தார்கள். அங்கி போட்ட மாதிரி கம்ப்யூட்டரில் ஒட்டிய அவள் படம், கீழே 'முனைவர் லில்லி பாக்யராஜ்', அதற்கும் கீழே இருபது பேருடைய சின்னச் சின்ன முகங்கள். அவளுடைய அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படிப்பு முடிஞ்சிதுன்னுதான சொன்ன?" என்றார்.

"முடியலப்பா. மருந்து வேல செய்யல."

"ஒனக்கா?"

"எலிக்குப்பா."

அவர் தலையைச் சொறிந்தார். "எலிக்கு வேல செய்யலன்னா ஒன்ன ஏன் நிறுத்தறாங்க?"

இதுவரை நடந்ததில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

"யக்கா, பரவால்ல," என்றான் பசங்களில் ஒருவன். "கீழ தேதி போட்டிருக்குது பாரு, அது மேல மட்டும் அடுத்த வருஷத்த ஒட்டிக்கலாம்."

லில்லி அக்கா குனிந்து பேனரின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இருவருமாகச் சுருட்டினோம். அவள் முகம் உள்ளே போனது, பெயர் போனது, இருபது முகங்களும் போயின. தேதி இருக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, கட்டைவிரல் நகத்தால் அந்த எண்களைச் சுரண்டினாள். பிளாஸ்டிக் கிழிந்து வெள்ளையானது.

"தேதி போடாதீங்கடா," என்றாள். "மொதல்ல தண்ணி வச்சிப் பாக்கறன்."